மாஸ்க் மாறாது, முகம் மாறும்

தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை என்றால் பெரும்பாலும் 70 கிரே (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). தினம் 2 கிரே வீதம் 35 நாள், வாரத்துக்கு ஐந்து நாளாக ஏழு வாரம். தொடங்குமுன் சி.டி. ஸ்கேன் எடுத்து, கட்டி, தண்டுவடம், உமிழ்நீர்ச் சுரப்பி ஒவ்வொன்றுக்கும் எல்லை வரைந்து, எங்கே எவ்வளவு கதிர் என்று கணக்குப் போட்டுத் திட்டம் வகுக்கிறார்கள். தலை அசையாதிருக்க, வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் படியவைத்து மாஸ்க் செய்கிறார்கள்.

வாரங்கள் போகப் போக நோயாளிக்கு வாய்ப்புண், விழுங்க முடியவில்லை. எடை இறங்கிக் கன்னம் ஒட்டுகிறது, மாஸ்க் தொளதொளக்கிறது. உள்ளே நடப்பதைப் பார்க்க, அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலுள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் சிகிச்சை அறைக்குள்ளேயே, தண்டவாளத்தில் நகரும் சி.டி. கருவியை வைத்தார்கள். 14 நோயாளிகளை வாரம் மூன்று முறை படம் பிடித்தார்கள். 2004இல் வெளியான முடிவுகளின்படி, கட்டி அதன் தொடக்க அளவில் சிகிச்சை நாள் ஒன்றுக்குச் சுமார் 1.8 சதவீதம் சுருங்கியது. காதோர உமிழ்நீர்ச் சுரப்பியும் சுருங்கி, சிகிச்சை முடிவதற்குள் 3 மில்லிமீட்டர் அளவுக்கு உள்பக்கம் நகர்ந்திருந்தது. உள்பக்கம் என்றால் கதிர் அதிகம் பாயும் பக்கம்! அந்தச் சுரப்பிக்குச் சராசரியாக 26 கிரேக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள மருத்துவர்கள் பாடுபடுவார்கள். மீறினால் வாய் நிரந்தரமாக உலர்ந்துபோகலாம். தண்ணீர் இல்லாமல் ஒரு வாய்ச் சோறு இறங்காது. அந்த 3 மில்லிமீட்டர் சின்ன விஷயமே இல்லை.

இப்போது பல இடங்களில் கதிர்வீச்சுக் கருவியே நோயாளியைச் சுற்றிவந்து அன்றன்றைக்குச் சி.டி. படம் எடுத்துவிடுகிறது. முதல் நாள் படத்தை ஒரு நிறத்திலும் இன்றைய படத்தை இன்னொரு நிறத்திலும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், பொருந்தாத இடங்கள் நிறம் பிரிந்து தெரியும். பழைய படத்தின் ஒவ்வொரு புள்ளியும் எங்கே போனது என்று கணினி தேடி, பழைய படத்தையே வளைத்து நெளித்து இன்றைய உடலோடு பொருத்துகிறது. எவ்வளவு கதிர் எங்கே சேர்ந்தது என்பதையும் அதை வைத்தே கூட்டுகிறார்கள்.

ஆனால் கரைந்துபோன கட்டியின் புள்ளிகளுக்கு இன்றைய படத்தில் இணையே கிடையாது. அப்போதும் கணினி ஏதோ ஒரு விடை சொல்லும். மருத்துவரின் கண் மிகவும் தேவைப்படுவது இங்கேதான். கட்டி சுருங்கிவிட்டது என்பதற்காகக் கதிரின் எல்லையையும் அதே அளவுக்குச் சுருக்கிவிட முடியாது. முன்பு கட்டி இருந்த இடத்தில், எந்த ஸ்கேனுக்கும் தெரியாத புற்றணுக்கள் மிச்சமிருக்கலாம். ஆகவே சிகிச்சையின் நடுவே புதுத் திட்டம் போடும்போது, சுரப்பியைக் காக்கும் எல்லையை இன்றைய படத்தைப் பார்த்து மாற்றினாலும், கட்டியின் எல்லையைக் குறிக்க முதல் நாள் படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்கள்.