பல கருக் கர்ப்பத்தில் மருத்துவமனைப் படுக்கை ஓய்வு

ஒரே கர்ப்பத்தில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகளைச் சுமக்கும் தாயை, பிரசவ வலி வருவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே மருத்துவமனையில் சேர்த்து, பெரும்பாலான நேரம் படுக்கையிலேயே இருக்கச் செய்வது மருத்துவமனைப் படுக்கை ஓய்வு எனப்படும். பேச்சு வழக்கில் இதை 'பெட் ரெஸ்ட்' என்பர். குறைமாதப் பிரசவத்தைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் இம்முறை இருபதாம் நூற்றாண்டில் பல நாடுகளில் பரவலாகக் கைக்கொள்ளப்பட்டது. பின்னர் நடந்த ஆய்வுகள் இந்நம்பிக்கைக்குப் போதிய ஆதாரம் தரவில்லை.

ஆபத்து ஏன் கூடுதல்?

ஒற்றைக் கர்ப்பத்தின் முழுக்காலம் சுமார் 40 வாரங்கள். இரட்டைக் குழந்தைகள் சராசரியாக 35 முதல் 36 வாரங்களிலும், மூன்று குழந்தைகள் சுமார் 32 வாரங்களிலும் பிறக்கின்றன. இரட்டையரில் பாதிக்கு மேற்பட்டோர் 37 வாரம் நிறையுமுன் பிறந்துவிடுகின்றனர். மிக முன்னதாகப் பிறக்கும் குழந்தைக்கு நுரையீரல் முதிர்ந்திருக்காது. மூளையில் இரத்தக்கசிவு, நோய்த்தொற்று ஆகியவற்றுக்கும் வாய்ப்பு அதிகம். தாய்க்கும் உயர் இரத்த அழுத்தம், இரத்தசோகை, பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கு ஆகியவை ஒற்றைக் கர்ப்பத்தைவிடக் கூடுதலாக நேர்கின்றன. ஆகவே, கர்ப்பத்தை இன்னும் சில வாரங்கள் நீட்டிக்க ஏதேனும் வழி உண்டா என்று மருத்துவர்கள் தேடியது இயல்பே.

ஓய்வின் பின்னுள்ள எண்ணம்

படுக்கை ஓய்வுக்கு இரண்டு காரணங்கள் கூறப்பட்டன. ஒன்று, நின்றும் நடந்தும் வேலை செய்தால் குழந்தைகளின் எடை கருப்பையின் வாயை அழுத்தி, அது முன்னதாகத் திறந்துகொள்ளும் என்பது. மற்றொன்று, ஒருக்களித்துப் படுத்தால் கருப்பைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் கூடி, குழந்தைகள் நன்கு வளரும் என்பது. இரண்டும் கேட்பதற்குப் பொருத்தமாகவே இருந்தன. ஆனால் பொருத்தமாகத் தோன்றும் விளக்கம் வேறு, சோதித்துப் பெற்ற முடிவு வேறு.

ஹராரே ஆய்வுகள்

இக்கருத்தைச் சோதித்தவற்றுள் முக்கியமானவை சிம்பாப்வே நாட்டின் தலைநகர் ஹராரேயில் நடந்த ஆய்வுகள். இரட்டைக் கர்ப்பம் கொண்ட 212 பெண்கள் பங்கேற்ற ஆய்வொன்றின் முடிவு 1985ஆம் ஆண்டு லான்செட் இதழில் வெளிவந்தது. சீட்டுக் குலுக்கிப் போடுவது போல, எவ்விதத் தேர்வும் இன்றிப் பெண்கள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் 32ஆவது வாரத்திலிருந்து மருத்துவமனையில் படுக்கை ஓய்வு பெற்றனர். மற்றவர்கள் வீட்டில் வழக்கம்போல் இருந்தனர். சிக்கல் ஏற்பட்டால் மட்டும் அனுமதிக்கப்பட்டனர்.

இப்படிப் பிரிப்பதன் தேவை எளிது. மருத்துவரே தேர்ந்தெடுத்தால் ஆபத்து மிகுந்தவர்கள் ஒரு பக்கமும் மற்றவர்கள் மறுபக்கமும் சேர்ந்துவிடுவர். பிறகு வேறுபாடு ஓய்வால் வந்ததா, உடல்நிலையால் வந்ததா என்று சொல்ல இயலாது.

முடிவு எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக இருந்தது. ஓய்வெடுத்த குழுவில் குறைமாதப் பிரசவம் குறையவில்லை; மாறாகக் கூடுதலாகவே காணப்பட்டது. தொடர்ந்து கரோலின் க்ரௌதர் என்ற மருத்துவரும் குழுவினரும் ஹராரேயில் வேறு ஆய்வுகளை நடத்தினர். மூன்று குழந்தைகளைச் சுமந்த பெண்களைப் பற்றிய சிறு ஆய்வும் அவற்றுள் ஒன்று. பின்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இத்தகைய ஆய்வுகள் நடைபெற்றன.

தொகுப்பாய்வின் முடிவு

உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017இல் வெளியிட்ட மதிப்பாய்வில் 6 ஆய்வுகள், 636 பெண்கள், 1298 குழந்தைகள் இடம்பெற்றனர். பல கருக் கர்ப்பத்தில் வழக்கமாகப் படுக்கை ஓய்வைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்பதே அதன் சாரம். சில ஆய்வுகளில் குழந்தைகளின் எடை சற்றுக் கூடியதற்கான அறிகுறி தென்பட்டது. ஆயினும் அதனால் குழந்தைகளின் உயிரிழப்பு குறைந்ததாக நிறுவப்படவில்லை. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரியும் குறைமாதப் பிரசவத்தைத் தடுக்கும் வழியாகப் படுக்கை ஓய்வைப் பரிந்துரைப்பதில்லை.

படுத்தே இருப்பதன் விலை

'பயன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே' என்று பலர் எண்ணுவர். அது சரியன்று. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி இரத்தத்தை மேல்நோக்கித் தள்ளுகிறது. படுத்தே இருந்தால் இரத்தம் கால் சிரைகளில் தேங்குகிறது. கர்ப்ப காலத்தில் இரத்தம் உறையும் தன்மை ஏற்கெனவே கூடியிருப்பதால் கட்டி உண்டாகும் ஆபத்து மேலும் உயர்கிறது. அக்கட்டி நுரையீரலை அடைந்தால் உயிருக்கே ஆபத்து.

தசைகள் மெலிதல், எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்துக் குறைதல், மலச்சிக்கல், பசியின்மை ஆகியவையும் ஏற்படும். விண்வெளி வீரர்களின் உடலில் எடையின்மை உண்டாக்கும் மாற்றங்களை அறிய, ஆரோக்கியமானவர்களை வாரக்கணக்கில் படுக்கவைத்தே விண்வெளி நிறுவனங்கள் ஆராய்கின்றன. படுத்திருப்பது உடலை எவ்வளவு மாற்றும் என்பதற்கு இது ஒன்றே போதும்.

மனச்சுமை தனி. வீட்டில் விட்டுவந்த மூத்த குழந்தை, இழந்த சம்பளம், அடுத்து என்ன ஆகுமோ என்ற கலக்கம் ஆகியன தாயை வாட்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஓய்வையும் மீறிக் குறைமாதத்தில் பிரசவமானால் 'நான் ஒழுங்காகப் படுத்திருக்கவில்லை' என்ற குற்ற உணர்வு எழும். அவ்வாறு தன்னையே நொந்துகொள்ளச் சான்று எதுவும் இல்லை.

மருத்துவமனை தேவைப்படும் நிலைகள்

படுக்கை ஓய்வும் மருத்துவமனைக் கண்காணிப்பும் ஒன்றல்ல. கீழ்க்காணும் நிலைகளில் அனுமதி அவசியம் ஆகலாம்:

• பனிக்குடம் முன்னதாக உடைதல்
• இரத்தப்போக்கு
• கடுமையான உயர் இரத்த அழுத்தம்
• குறைமாதத்தில் தொடங்கும் பிரசவ வலி
• குழந்தைகளின் வளர்ச்சியில் அல்லது இதயத் துடிப்பில் மாறுபாடு

அரிதாக இரு குழந்தைகளும் ஒரே பனிக்குடப் பைக்குள் வளர்வதுண்டு. அப்போது தொப்புள் கொடிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளக்கூடும் என்பதால், பல மருத்துவமனைகள் தாயை 24 முதல் 28 வாரங்களுக்குள் அனுமதித்து, குழந்தைகளின் இதயத் துடிப்பை அடிக்கடி பதிவுசெய்து, 32 முதல் 34 வாரங்களில் அறுவைச் சிகிச்சை மூலம் பிரசவம் பார்க்கின்றன. இங்கே குழந்தையைக் காப்பது கண்காணிப்பே, படுக்கை அன்று.

34 வாரத்துக்கு முன் பிரசவம் நெருங்குவதாகத் தெரிந்தால், குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கு ஸ்டீராய்டு ஊசி தாய்க்குப் போடப்படுகிறது. இதன் பயன் ஆய்வுகளால் உறுதிப்பட்டது. தக்க நேரத்தில் மருத்துவமனையில் இருப்பது முக்கியமாவது இதனால்தான்.

தாய் கேட்க வேண்டியவை

ஓய்வு எடுக்கச் சொன்னால் காரணம் என்ன, எத்தனை நாள், எழுந்து நடக்கலாமா, குளிக்கலாமா, கால்களுக்கு என்ன பயிற்சி, இரத்தக்கட்டியைத் தடுக்க மருந்து தேவையா என்று மருத்துவரிடம் கேட்டறிவது தாயின் உரிமை. மருத்துவர் சொன்னதைத் தானாக நிறுத்திவிடக் கூடாது; ஒவ்வொரு கர்ப்பத்தின் நிலையும் வேறு. இரத்தப்போக்கு, நீர் வடிதல், கடும் தலைவலி, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத்திணறல், குழந்தைகளின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.