ரயிலை முந்திய சைக்கிள்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், தென்மேற்கு மூலையில், டுராங்கோ என்றொரு மலைநகரம் இருக்கிறது. 2020 கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்பவர்கள் ஏறத்தாழ 19,000 பேர். நம் ஊரில் பெரிய தாமான் ஒன்றுக்குள் அடங்கிவிடும் கூட்டம்தான். ஆனால், இந்தச் சிற்றூரிலிருந்து உலகப் போட்டிகளை வென்ற சைக்கிளோட்ட வீரர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்துகொண்டே இருக்கிறார்கள். 1990இல் நெட் ஓவரெண்ட், கிரெக் ஹெர்போல்ட். 2019இல் இளையோர் சாலைப் போட்டியில் உலக வெற்றியாளரான குவின் சிம்மன்ஸ். 2021இல் மலைச் சைக்கிள் குறுந்தடப் பிரிவில் கிறிஸ்டஃபர் பிளெவின்ஸ். 2023இல் ஸ்பெயினின் வுவெல்டா போட்டியை வென்ற செப் குஸ்.

காரணம் என்ன என்று கேட்டால் பலரும் சட்டென்று சொல்லும் பதில்: “மலைக் காற்று.” டுராங்கோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,990 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே பிறந்து வளர்ந்தால் நுரையீரலும் இரத்தமும் தாமாகவே வலுப்பெற்றுவிடும் என்று நம்புகிறோம். இது முழுப் பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

முதலில் வரலாறு. 1880இல் டுராங்கோவை உருவாக்கியதே ஒரு ரயில் நிறுவனம்தான். மலைக்குள் இருக்கும் சில்வர்டன் என்ற சுரங்க ஊரிலிருந்து வெள்ளித் தாதுவை இறக்கிக் கொண்டுவர 1882இல் தண்டவாளம் போட்டு முடித்தார்கள். தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் வெறும் 914 மில்லிமீட்டர். நம் கேடிஎம் ரயில் பாதையின் அகலம் 1,000 மில்லிமீட்டர், அதைவிடவும் குறுகலானது. அனிமாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கின் கூர்மையான வளைவுகளில் பெட்டிகள் திரும்ப அந்தக் குறுகல் உதவியது. இன்று அந்த நீராவி ரயில் தாதுவை அல்ல, சுற்றுப்பயணிகளை ஏற்றிச் செல்கிறது.

அந்த ரயிலில் ஜிம் மேயர் என்பவர் பிரேக் பணியாளராக இருந்தார். அவருடைய தம்பி டாம் மேயருக்கு சைக்கிள் என்றால் உயிர். அண்ணன் ரயிலில், தம்பி சைக்கிளில், யார் முதலில் சில்வர்டன் போய்ச் சேர்வது? தம்பி முந்திவிட்டார். வீட்டோடு முடிந்திருக்க வேண்டிய இந்த விளையாட்டுச் சண்டையை எட் ஜிங்க் என்ற உள்ளூர்க்காரர் டாமுடன் சேர்ந்து 1972இல் முறையான போட்டியாக்கினார். முதல் ஆண்டு கலந்துகொண்டவர்கள் 36 பேர். ‘இரும்புக் குதிரை’ என்று ரயிலுக்கு வழங்கிய பழைய பெயரே போட்டிக்கும் பெயரானது. இன்று ஒவ்வோர் ஆண்டும் மே மாதக் கடைசியில் ஆயிரக்கணக்கானோர் மிதிக்கிறார்கள்.

சைக்கிள் எப்படி ரயிலை வெல்கிறது? ரயில் ஆற்றை ஒட்டியே சுமார் 72 கிலோமீட்டர் ஏறுகிறது. சில்வர்டன் 2,840 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மொத்த ஏற்றம் 850 மீட்டர் மட்டுமே. அதாவது நூறு மீட்டருக்கு ஒரு மீட்டரைவிடச் சற்று அதிகம். இரும்புச் சக்கரமும் இரும்புத் தண்டவாளமும் உரசும்போது பிடிப்பு மிகக் குறைவு. சரிவு கூடினால் சக்கரம் அதே இடத்தில் சுழலத் தொடங்கிவிடும். அதனால்தான் ரயிலுக்கு மென்மையான வழி தேவைப்படுகிறது. அதிலும் மூன்றரை மணி நேரம் மூச்சிரைத்துத்தான் போய்ச் சேர்கிறது. சராசரி வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் சொச்சம்.

ரப்பர் டயருக்கோ தார்ச்சாலையில் நல்ல பிடிப்பு உண்டு. நெடுஞ்சாலை ஆற்றை விட்டு விலகி, 3,243 மீட்டர் உயரத்தில் கோல் பேங்க் கணவாயையும், 3,325 மீட்டர் உயரத்தில் மோலாஸ் கணவாயையும் தாண்டிச் செல்கிறது. இடையில் இறக்கமும் உண்டு என்பதால், சைக்கிளோட்டி மொத்தமாக ஏறும் உயரம் 1,700 மீட்டருக்கு மேல். ரயில் ஏறுவதைப் போல இரண்டு மடங்கு. இருந்தும் முன்னணி வீரர்கள் இரண்டு மணி நேரத்தை ஒட்டியே முடித்துவிடுகிறார்கள்.

படிவம் நான்கு மாணவர்கள் இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 75 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 75 × 9.8 × 1,700 என்றால் ஏறத்தாழ 12.5 லட்சம் ஜூல், சுமார் 300 கிலோகலோரி. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் உணவிலிருந்து கிடைக்கும் ஆற்றலில் கால்வாசியைத்தான் நம் தசைகள் வேலையாக மாற்றுகின்றன. மற்றது வெப்பமாகப் போய்விடும். ஆகவே ஏறுவதற்கு மட்டும் சுமார் 1,200 கிலோகலோரி தேவை. கோழிப் பொரியலுடன் ஏறக்குறைய இரண்டு தட்டு நாசி லெமாக். காற்றைக் கிழித்துச் செல்லும் செலவு தனி.

இனி அந்த மலைக் காற்று. உயரத்தில் உயிர்வளியின் (ஆக்சிஜன்) விழுக்காடு குறைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மோலாஸ் கணவாயிலும் கிள்ளானிலும் காற்றில் உயிர்வளி 21 விழுக்காடுதான். குறைவது காற்றழுத்தம். டுராங்கோவில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் 78 விழுக்காடு. மோலாஸில் மூன்றில் இரண்டு பங்கு மட்டுமே. ஒரே அளவு மூச்சு இழுத்தாலும் உள்ளே போகும் உயிர்வளி மூலக்கூறுகள் குறைவு. கெந்திங் மலைக்குப் போகும்போது இதைக் கண்ணால் பார்க்கலாம். உச்சியில் காலி நீர்ப்புட்டி ஒன்றை இறுக மூடி, அப்படியே கோம்பாக் வரை கொண்டுவாருங்கள். கீழே வந்து சேரும்போது யாரோ கையால் பிசைந்ததுபோல் நசுங்கியிருக்கும்.

உடல் உயிர்வளியைப் பயன்படுத்தும் உச்சத் திறன், உயரம் 1,000 மீட்டர் கூடும்போது ஏறத்தாழ 6 முதல் 7 விழுக்காடு குறைகிறது. இதைச் சமாளிக்கச் சிறுநீரகம் எரித்ரோபொயட்டின் என்ற இயக்குநீரைக் கூடுதலாகச் சுரக்கிறது. எலும்பு மச்சை அதிகச் சிவப்பணுக்களை உருவாக்கத் தொடங்குகிறது. இரத்தம் உண்மையிலேயே மாறுகிறது.

மெல்லிய காற்றுக்கு இன்னொரு முகமும் உண்டு: அது சைக்கிளை எதிர்ப்பதும் குறைவு. இரும்புக் குதிரைப் போட்டி பிறந்த அதே 1972இல், பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் 2,200 மீட்டருக்கு மேல் உயரமான மெக்சிகோ நகருக்குப் போய், ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டி உலகச் சாதனை படைத்தார். மூச்சு திணறினாலும் காற்றின் தடை குறைந்தது லாபம் என்று கணக்குப் போட்டுத்தான் போனார்.

உயரத்தில் வாழ்வதால் கிடைக்கும் பலன் எவ்வளவு? 1997இல் அமெரிக்க ஆய்வாளர்கள் லெவினும் ஸ்ட்ரே-கண்டர்சனும் ஓட்டக்காரர்களை 2,500 மீட்டர் உயரத்தில் தங்கவைத்து, 1,250 மீட்டரில் பயிற்சி செய்யவைத்தார்கள். நான்கு வாரங்களில் 5,000 மீட்டர் ஓட்ட நேரம் சராசரியாக 13 நொடி குறைந்தது. உலகமே இந்த முறைக்குத் தாவியது. 2012இல் சீபென்மன் குழு இதையே 16 சைக்கிளோட்டிகளிடம் சோதித்தது. சிலருடைய அறையில் 3,000 மீட்டர் உயரத்துக்கு நிகராக உயிர்வளியைக் குறைத்தார்கள்; மற்றவர்களுக்குச் சாதாரணக் காற்று. யாருக்கு எது என்று வீரர்களுக்கும் தெரியாது, அளந்தவர்களுக்கும் தெரியாது. நான்கு வாரம் கழித்து இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. மலைக்குப் போகிறோம் என்ற நம்பிக்கையும், முகாமில் கூடுதலாக உழைப்பதும் முந்தைய முடிவுகளில் எவ்வளவு கலந்திருந்தன என்ற கேள்வி அன்று முதல் ஓயவில்லை.

என் கருத்தில், டுராங்கோவைப் புரிந்துகொள்ள இரத்தத்தைவிட நாட்காட்டியைப் பார்ப்பது நல்லது. அதே கொலராடோவில் டுராங்கோவைவிட உயரமான ஊர்கள் எத்தனையோ இருக்கின்றன. 3,000 மீட்டரைத் தாண்டிய லெட்வில் உட்பட. காற்று மட்டுமே போதுமென்றால் வெற்றியாளர்கள் அங்கிருந்துதான் அதிகம் வந்திருக்க வேண்டும். டுராங்கோவில் இருந்தது ஆண்டுதோறும் நடக்கும் ஒரு போட்டி. மே மாதக் கடைசியிலும் கணவாயில் பனி கொட்டி, பாதையைச் சுருக்க நேர்ந்த ஆண்டுகள் உண்டு. ஆனாலும் பழக்கம் விட்டுப்போகவில்லை.

அந்தப் பழக்கத்தின் பலன் 1990இல் தெரிந்தது. உலகச் சைக்கிளோட்டச் சங்கம் அங்கீகரித்த முதல் மலைச் சைக்கிள் உலகப் போட்டி டுராங்கோவுக்கு அருகிலுள்ள பர்கேட்டரி பனிச்சறுக்கு மலையில் நடந்தது. அதைக் கொண்டுவர முன்னின்றவரும் எட் ஜிங்க்தான். முன்சக்கரத்தில் அதிர்வு தாங்கி பொருத்திய சைக்கிள்கள் அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்தன. நெடுந்தடத்தில் 35 வயது ஓவரெண்டும், மலையிறக்கப் பிரிவில் ஹெர்போல்டும் வென்றார்கள். இருவரும் டுராங்கோவாசிகள். உலக வெற்றியாளர் பக்கத்துத் தெருவில் சைக்கிளில் போவதைப் பார்த்து ஒரு தலைமுறைப் பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

2006இல் டுராங்கோ டெவோ என்ற சிறுவர் சைக்கிள் குழு தொடங்கியது. பள்ளிக்குப் போகாத குழந்தைகள் மிதிகட்டை இல்லாத சைக்கிளில் காலால் தள்ளிப் பழகுவதிலிருந்து அங்கே பயிற்சி ஆரம்பமாகிறது. குஸ், பிளெவின்ஸ் இருவரும் அந்தக் குழுவில் ஓட்டியவர்கள். குஸ்ஸின் தந்தை டால்ஃப் குஸ் அமெரிக்க நெடுந்தூரப் பனிச்சறுக்கு அணிக்குப் பயிற்றுநராக இருந்தவர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மலை தந்ததையும் வீடு தந்ததையும் எப்படிப் பிரித்து அளப்பது?

நம் நாட்டில் 2,000 மீட்டர் உயரத்தில் நகரமே இல்லை, ஆகவே நமக்கு இதெல்லாம் எட்டாது என்று சில பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். தடகளச் சைக்கிளோட்டத்தில் 2017இல் உலக வெற்றியாளரான அசிசுல்ஹஸ்னி அவாங் பிறந்த டுங்குன் கடலோர ஊர். அவருடைய பிரிவு சில நொடி வெடிவேகத்தைச் சார்ந்தது, மலையேற்றம் வேறு என்று நீங்கள் மறுக்கலாம். நியாயமான மறுப்புதான்.

அப்படியானால் மலையேற்றத்தையே எடுத்துக்கொள்வோம். 2023 வுவெல்டாவில் முதல் மூன்று இடங்களும் ஒரே அணிக்குக் கிடைத்தன. மேடையின் உச்சியில் டுராங்கோவின் செப் குஸ். மூன்றாம் இடத்தில் ஸ்லோவேனியாவின் பிரிமோஸ் ரோக்லிச். அவர் இளமையில் பனிச்சறுக்குத் தாண்டுதல் வீரராக இருந்து, பிறகே சைக்கிளுக்கு வந்தவர். இரண்டாம் இடத்தில் அதற்குள் இரண்டு முறை டூர் டி பிரான்ஸை வென்றிருந்த யோனாஸ் விங்கேகோர். அவர் பிறந்த டென்மார்க்கின் ஆக உயர்ந்த இயற்கைக் குன்றின் உயரம் 171 மீட்டர். பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தில் பாதிகூட இல்லை.