ஜெயித்தும் வெளியே, தோற்றும் உள்ளே: நெட் ரன் ரேட் செய்யும் வேலை

ஐபிஎல் லீக் சுற்று இந்த வார இறுதியோடு முடிகிறது. வாசகர் கடிதங்கள் குவிகின்றன. முக்கால்வாசியில் ஒரே ஆற்றாமைதான். 'நம்ம டீம் அவங்களை ரெண்டு தடவை அடிச்சிருக்கு, புள்ளியும் சமம், அப்புறம் எப்படி அவங்க மேலே?'

காரணம், ஐபிஎல்லில் நேருக்கு நேர் மோதிய முடிவுக்கு மதிப்பே கிடையாது. சமநிலையை அவிழ்ப்பது நெட் ரன் ரேட். அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் இது தலைகீழ். இரு அணிகள் சமமாக முடித்தால், யார் யாரை அதிகம் வென்றார்கள் என்பதைத்தான் 2022 முதல் அங்கே முதலில் பார்க்கிறார்கள். ஐபிஎல்லில் அப்படிச் செய்ய முடியாததற்கு ஒரு நியாயம் உண்டு. பத்து அணிகள், ஆளுக்கு 14 ஆட்டம். ஐந்து அணிகளோடு இரண்டு முறை, நான்கு அணிகளோடு ஒரே முறை. ஒரே ஒரு ஆட்டத்தை வைத்து யார் பெரியவர் என்று எப்படிச் சொல்வது? சரிதான். ஆனால் இதே கோணல் அட்டவணையில் எடுத்த ரன்களைக் கூட்டித்தான் நெட் ரன் ரேட்டும் வருகிறது. அதைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை.

'சீசன் முழுக்க ஓர் அணி காட்டிய ஆதிக்கத்தின் அளவுகோல்' என்று வர்ணனையாளர்கள் இதற்கு விளக்கம் சொல்வார்கள். நம்ப வேண்டாம். இது அளப்பது வேகத்தை மட்டும். நீங்கள் எடுத்த மொத்த ரன்னை ஆடிய மொத்த ஓவரால் வகுத்து, கொடுத்த மொத்த ரன்னை வீசிய மொத்த ஓவரால் வகுத்து, முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் முடிந்தது. விக்கெட்டுக்கு இதில் இடமில்லை. பத்து விக்கெட் வித்தியாசத்தில் கடைசிப் பந்தில் ஜெயித்தாலும், ஒரே விக்கெட் மிச்சமிருக்க ஜெயித்தாலும் கணக்கு ஒன்றுதான். விக்கெட் தலைகாட்டும் ஒரே இடம் ஆல் அவுட். 12 ஓவரில் 90 ரன்னுக்குச் சுருண்டால், முழு 20 ஓவரும் ஆடியதாகவே எழுதிக்கொள்வார்கள். 7.5 என்று வரவேண்டியது 4.5 ஆகிவிடும்.

ஆட்டத்துக்கு ஆட்டம் தனியாகப் போட்டுச் சராசரி எடுப்பதில்லை, மொத்தத்தையும் ஒரே குடத்தில் கொட்டுகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். 2024 மே 18, பெங்களூரு சின்னசாமி மைதானம். சென்னைக்கு 14 புள்ளி, பெங்களூருவுக்கு 12. பெங்களூரு 218 எடுத்தது. சென்னை ஜெயிக்க 219 வேண்டும். தோற்றாலும் 201 எடுத்துவிட்டால் பிளே ஆஃப் உண்டு. கடைசி ஓவரில் வெற்றிக்கு 35, தகுதிக்கு 17. யஷ் தயாள் வீசிய முதல் பந்தைத் தோனி கூரைக்கு மேலே அனுப்பினார். அடுத்த பந்தில் அவுட். மீதி நான்கு பந்தில் 11 தேவை, வந்தது ஒன்றே ஒன்று. 191இல் நின்றார்கள். இரு அணிக்கும் 14 புள்ளி. பெங்களூரு 0.459, சென்னை 0.392.

வித்தியாசம் 0.067. இது எவ்வளவு சின்னது என்று பாருங்கள். ஓர் அணி சீசன் முழுக்க 272 ஓவரில் 2,400 ரன் எடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஏப்ரலில் சுலபமாக ஜெயித்த ஏதோ ஒரு சேஸிங்கை இரண்டு ஓவர் முன்னதாக முடித்து, மொத்தத்தை 270 ஆக்கியிருந்தால் ரன் ரேட் 0.065 ஏறும். அதாவது, எப்படியும் ஜெயிக்கப்போகிறோம் என்று ஒன்றிரண்டாகத் தட்டிக்கொண்டிருந்த 12 பந்து மே மாதம் வந்து கழுத்தைப் பிடிக்கும். அந்த ராத்திரி எல்லோரும் கடைசி ஓவரையே பேசினார்கள்.

என்னை உறுத்துவது வேறு. முதலில் ஆடி ஜெயிப்பவருக்கு வித்தியாசத்தில் உச்சவரம்பு கிடையாது. 50 ரன்னில் ஜெயிக்கலாம், 150 ரன்னிலும் ஜெயிக்கலாம். சேஸ் செய்பவர் இலக்கைத் தொட்டதும் ஆட்டம் முடிந்துவிடும், அதற்கு மேல் ரன் சேர்க்க வழியில்லை. ஆகவே பெரிய வித்தியாசம் தேவைப்படும் அணியின் தலையெழுத்தை டாஸே எழுதிவிடலாம். 2021இல் கொல்கத்தாவைத் தாண்ட, கடைசி லீக் ஆட்டத்தில் ஹைதராபாத்தை மும்பை 171 ரன் வித்தியாசத்தில் வீழ்த்த வேண்டியிருந்தது. டாஸில் தோற்று ஃபீல்டிங் செய்ய நேர்ந்திருந்தால், ஒரு பந்துகூட வீசாமல் மும்பை வெளியே. நாணயம் மும்பை பக்கம் விழுந்தது. 235 அடித்தார்கள். ஹைதராபாத் 193 எடுத்துவிட, 42 ரன் வெற்றியோடு மூட்டை கட்டினார்கள்.

சேஸிங்கில் இன்னொரு நெளிவும் இருக்கிறது. உண்மையிலேயே புத்திசாலித்தனமான நெளிவு, தொழில்முறை அணிகளே கோட்டைவிட்டது. 2023 செப்டம்பர் 5, லாகூர், ஆசியக் கோப்பை. ஐபிஎல் அல்ல, 50 ஓவர் ஆட்டம், சூத்திரம் இதேதான். இலங்கை 291. அடுத்த சுற்றுக்குப் போக, ஆப்கானிஸ்தான் 292ஐ 37.1 ஓவருக்குள் எடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. 37 ஓவர் முடிவில் 289. அடுத்த பந்தில் முஜீப் அவுட். அவ்வளவுதான், கதை முடிந்தது என்று முடிவுகட்டிவிட்டார்கள். கடைசி ஆட்டக்காரர் ஃபரூக்கி இரண்டு பந்தைத் தடுத்து ஆடி, மூன்றாவதில் எல்பிடபிள்யூ.

கதை முடியவில்லை. இலக்கைத் தாண்டும் அந்தக் கடைசி அடியில் வரும் உபரி ரன்னும் கணக்கில் சேரும். 289இலிருந்து ஒரு சிக்ஸர் போனால் 295. அதை 37.5 ஓவருக்குள் எடுத்திருந்தாலும் தகுதிதான். மறுமுனையில் ரஷீத் கான் நின்றிருந்தார். ஒரு ரன் ஓடி அவரிடம் கொடுத்து, 38 ஓவர் முடிவதற்குள் அவர் ஒரு சிக்ஸர் தூக்கியிருந்தால் 296, அதுவும் போதும். நானே இருமுறை போட்டுப் பார்த்தேன், இடிக்கவில்லை. 37.1 மட்டும்தான் தங்களுக்குச் சொல்லப்பட்டது, மற்ற கணக்குகளை யாரும் தெரிவிக்கவில்லை என்று ஆப்கன் பயிற்சியாளர் ஜொனாதன் ட்ராட் பிறகு நிருபர்களிடம் சொன்னார். சர்வதேச அணியின் ஓய்வறையில் ஒரு லேப்டாப்கூடவா இல்லை என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் அதிகாரிகள் தரும் சீட்டில் ஒரே ஒரு வரி இருந்தால், அந்த வரிதான் விதி என்று நினைப்பதும் மனித சுபாவம்தானே. இந்த வாரம் டிவியில் '18.2 ஓவருக்குள் முடித்தால் தகுதி' என்று ஓடும்போது, அது பாதிக் கணக்கு என்று நினைவில் வையுங்கள்.

இதை வைத்து விளையாடவும் செய்யலாம். 1999 உலகக் கோப்பையில் ஓல்டு டிராஃபோர்டில் வெஸ்ட் இண்டீஸ் வைத்த 111 ரன் இலக்கை ஆஸ்திரேலியா வேண்டுமென்றே உருட்டி உருட்டி 40.4 ஓவருக்கு இழுத்தது. வெஸ்ட் இண்டீஸின் ரன் ரேட் நியூசிலாந்தைவிட மேலே நின்றால், அடுத்த சுற்றுக்குத் தான் எடுத்துச் செல்லும் புள்ளி கூடும் என்பது ஆசை. பலிக்கவில்லை, நியூசிலாந்துதான் போனது. கோப்பை என்னவோ ஆஸ்திரேலியாவுக்கே வந்தது.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக.

மழையில் ஆட்டமே நடக்காவிட்டால்? ஆளுக்கு ஒரு புள்ளி, நெட் ரன் ரேட் அப்படியே இருக்கும்.

சூப்பர் ஓவர் ரன்? சேராது.

நெட் ரன் ரேட் அதிகமுள்ள அணிதானே முதலிடம்? இல்லை, 2025இல் மும்பை 1.142 வைத்துக்கொண்டு நான்காவதாக நின்றது, முதலிடம் பிடித்த பஞ்சாபுக்கு வெறும் 0.372.

இரண்டாம் இடத்துக்கு ஏன் இந்த அடிபிடி? முதல் இரண்டு அணிக்கு இறுதிப் போட்டிக்குப் போக இரண்டு வாய்ப்பு. 2011 முதல் 2025 வரை அந்த இரண்டு இடத்துக்கு வெளியிலிருந்து வந்து கோப்பை வென்றது 2016இன் ஹைதராபாத் மட்டுமே.

கடைசி லீக் ஆட்டங்களை ஒரே நேரத்தில் நடத்தினால் என்ன? 2021இல் நடத்தினார்கள், அதைப் பழக்கமாக்காததற்குக் காரணம் டிவி நேரம் என்பது என் ஊகம்.

'தகுதி பெற 62 சதவீத வாய்ப்பு' என்று போடுகிறார்களே? மீதி ஆட்டங்கள் எல்லாவற்றையும் பூவா தலையா என்று வைத்துப் போடும் கணக்குகள்தான் பல; பொழுதுபோக்குக்குப் பார்க்கலாம்.

வீட்டில் நாங்களே போட்டால் ஏன் தப்பாக வருகிறது? 18.4 ஓவர் என்றால் 18 ஓவரும் நான்கு பந்தும், கால்குலேட்டரில் 18.67 என்று தட்டுங்கள்.