முதியோர் பிணியும் உழைச்செல்வானும்

மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்தை நிறைவு செய்யும் குறளில் வள்ளுவப் பெருந்தகை மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கின்றார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான் என்பன அவை. முதல் மூன்றும் விளக்கம் வேண்டாதவை. நான்காமவனுக்கு, நோயாளியின் அருகிருந்து பணிபுரிபவன் என்று உரை கூறுவர். வகுப்பில் இக்குறளை நடத்தும்போது அவனை ஒரே தொடரில் கடந்து செல்வதே பல்லாண்டுகளாக எம் வழக்கமாக இருந்தது. எம் தந்தையார் நோயில் வீழ்ந்த பின்னரே அச்சொல்லின் கனம் நமக்குப் புலப்பட்டது.

அப்பொழுது அத்தாவுக்கு அகவை 78. வைகறைத் தொழுகை முடித்து, நாளேட்டை முழுவதும் படித்த பின்னரே பசியாற அமர்பவர். ஒரு வார காலத்தில் ஆளே மாறிப்போனார். பகலெல்லாம் உறங்கி வழிந்தார். இரவில் எழுந்து, இது யார் வீடு என்று வினவினார். என்றோ மறைந்துபோன தம் தம்பியின் பெயரால் எம்மை அழைத்தார். காண வந்த உறவினர் யாவரும் சொல்லி வைத்தாற்போல், "வயதாகிவிட்டதல்லவா?" என்றனர். நாமும் அதனை நம்பினோம். முதலில் பார்த்த மருத்துவரும் அதனையே கூறி உறக்க மாத்திரை எழுதித் தந்தார். மறுநாள் அத்தாவால் கட்டிலை விட்டு எழவே இயலவில்லை.

வேறொரு மருத்துவரிடம் சென்றோம். அவர் மூன்றே வினாக்கள் கேட்டார். எத்தனை நாளாக இவ்வாறு இருக்கிறார்? காலையிலும் மாலையிலும் ஒரே நிலையில் இருக்கிறாரா? அண்மையில் புதிய மருந்து ஏதேனும் தொடங்கினீர்களா? மூன்றாம் வினாவுக்கு நம்மிடம் விடை இல்லை. உடன் வந்திருந்த எம் தமக்கையார்தாம், இரத்த அழுத்தத்திற்கென மூன்று வாரங்களுக்கு முன் ஒரு மாத்திரை கூடுதலாகச் சேர்க்கப்பட்டது என்றார். அது சிறுநீரைப் பெருக்கும் தையசைடு வகை மாத்திரை. இரத்தத்தில் சோடியம் என்னும் உப்பு லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருத்தல் வேண்டும். அத்தாவுக்கு 118தான் இருந்தது. மாத்திரையை நிறுத்தி, உப்பின் அளவைச் சில நாள்களில் சிறிது சிறிதாக உயர்த்தினர். விரைந்து உயர்த்தினால் மூளைக்கே ஊறு நேருமாம். பத்தாம் நாள் காலையில் அத்தா நாளேடு கேட்டார்.

அவருக்கு வந்தது மறதி நோயன்று. டெலிரியம் என்று மருத்துவர் கூறும் திடீர் மனக்குழப்பம். இவ்விரண்டையும் பிரித்தறிதல் இன்றியமையாதது. டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் மெல்ல ஊர்ந்து வரும். மனக்குழப்பமோ சில மணி நேரத்தில் அல்லது சில நாளில் வந்து சூழும். ஒரே நாளில் கூடியும் குறைந்தும் காணும். சொல்வதை ஊன்றிக் கேட்கவும் இயலாது. சிறுநீர்த் தொற்று, நுரையீரல் அழற்சி, உப்புக் குறைவு, கடும் மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, மருந்தின் ஒவ்வாத விளைவு ஆகிய எதுவும் இதற்குக் காரணமாகலாம். பெரும்பாலும் இவை தீர்க்கத்தக்கவை. "வயதாகிவிட்டது" என்று கூறி வாளாவிருந்தால், தீர்க்கத்தக்க நோய் உயிரையே கொண்டு போகவும் கூடும்.

முதுமையில் பிணி தன் முகத்தோடு வருவதில்லை. மாரடைப்பு என்றால் நெஞ்சுவலி என்றே நாம் அறிந்துள்ளோம். முதியவர்க்கு, அதிலும் நீரிழிவு உள்ளவர்க்கு, வலியே இல்லாமல் மூச்சுத் திணறலாகவோ வியர்வையாகவோ தலைச்சுற்றலாகவோ அது வரலாம். நுரையீரல் அழற்சி காய்ச்சலின்றி வரும்; இரண்டு நாள் உணவு வேண்டாம் என்பதே அதன் ஒரே அறிகுறியாக இருத்தலும் உண்டு. தைராய்டு சுரப்புக் குறைந்தவர் சோர்ந்து, மெதுவாகப் பேசி, குளிர் தாங்காது போர்த்திக்கொண்டு அமர்ந்திருப்பார். பார்ப்பவர்க்கு அது மூப்பாகவே தோன்றும். உள்ளச் சோர்வு நோய் மறதியின் வேடம் பூணும். செவி கேளாமையை அறிவு மழுங்கல் எனக் கொள்வதும் நாம் அன்றாடம் செய்யும் பிழையே.

இவ்வுண்மைகளை ஆராய்வதற்கெனத் தனித்துறை தோன்றி நெடுங்காலம் ஆகவில்லை. முதியோர் மருத்துவத்திற்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் பெயரை 1909இல் இட்டவர் நியூயார்க் மருத்துவர் இக்னாட்ஸ் நாஷர். 1935இல் இலண்டன் வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையில், தீரா நோயாளிகள் என ஒதுக்கப்பட்டுப் படுக்கையில் கிடந்த 700க்கும் மேற்பட்டோரின் பொறுப்பை ஏற்ற மார்ஜரி வாரன் அம்மையார், ஒவ்வொருவரையும் தனித்தனியே ஆய்ந்தார். அவர்களுள் பலர் எழுந்து நடந்தனர், வீடும் திரும்பினர். நம் நாட்டில் 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோர்க்கெனப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கியவர் மருத்துவர் வ.செ. நடராசன். 2024இல் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனையும் திறக்கப்பட்டது.

இனி, மருந்தே நோயாதலைச் சற்று விரித்துக் காண்போம். இரத்த அழுத்தத்திற்கு அம்லோடிபின் என்னும் மாத்திரை பரவலாகத் தரப்படுகிறது. நல்ல மருந்துதான், ஆயினும் சிலர்க்குக் கணுக்கால் வீங்கும். வீக்கத்தைப் புதிய நோயெனக் கருதி ஒருவர் சிறுநீர் பெருக்கும் மாத்திரை எழுதுவார். அதனால் இரவில் நான்கு முறை எழ வேண்டியிருக்கும். உறக்கம் கெட்டதென்று மற்றொருவர் உறக்க மாத்திரை தருவார். அரைத் தூக்கத்தில் இருட்டில் எழுந்த முதியவர் குளியலறை வாயிலில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வார். இவ்வளவுக்கும் தொடக்கம் கணுக்கால் வீக்கமே. ஒரு மருந்தின் விளைவை நோயென மயங்கி இன்னொரு மருந்து தருவதை மருத்துவ உலகம் சங்கிலித்தொடராகவே வருணிக்கிறது. முதியோர்க்குத் தவிர்க்கத்தக்க மருந்துகளின் பட்டியலை 1991இல் அமெரிக்க மருத்துவர் மார்க் பியர்ஸ் வெளியிட்டார். அஃது இன்றும் அவர் பெயராலேயே திருத்தி வெளியிடப்பட்டு வருகிறது. சளிக்கெனக் கடையில் நாமே கேட்டு வாங்கும் குளோர்பெனிரமின் மாத்திரையும் அதில் இடம்பெற்றுள்ளது. பிராஸ்டேட் சுரப்பி வீங்கிய முதியவர்க்கு அம்மாத்திரை சிறுநீரை அடைத்துவிடக்கூடும். மூட்டுவலிக்கு நாள்தோறும் விழுங்கும் டைக்ளோபினாக் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

வீழ்தலுக்கு மற்றொரு காரணமும் உண்டு. படுக்கையிலிருந்து எழுந்து நின்ற மூன்று நிமிடத்திற்குள் இரத்த அழுத்தத்தின் மேலளவு 20 புள்ளியோ கீழளவு 10 புள்ளியோ குறையுமாயின் தலை சுற்றும், கண் இருளும். அமர்ந்த நிலையில் மட்டும் அழுத்தம் பார்த்தால் இதனை அறிய இயலாது. ஆகவே, நின்ற நிலையிலும் பார்க்குமாறு மருத்துவரிடம் பணிவுடன் கேட்கலாம். கேட்பதில் பிழையில்லை.

நோன்பு மாதத்தைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்திருப்பதை நன்கறிந்தும், நோன்பை விட மனமில்லாத பெரியவர்கள் நம் வீடுகளில் பலர். நீரிழிவுக்குக் கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ கொள்பவர் நோன்பிருக்கையில் சர்க்கரை மிகத் தாழ்ந்துவிடலாம். இளையோர்க்குக் கை நடுங்கும், வியர்க்கும். முதியோர்க்கு அவ்வறிகுறிகள் இன்றிப் பேச்சுக் குழறலாக, மயக்கமாக, காரணமற்ற சினமாகவும் அது வெளிப்படலாம். மாத்திரையின் அளவையும் வேளையையும் மாற்றலாமா, நோன்பே கூடாதா என்பதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். அதற்கு ரமலான் பிறை காணும் வரை காத்திராமல், ஓரிரு மாதம் முன்னரே அவரைக் காண்பது நன்று.

இவற்றையெல்லாம் கண்டறிய மருத்துவருக்கு ஆய்வுக்கூடம் மட்டும் போதாது. நேற்று வரை எவ்வாறிருந்தார், எப்பொழுது மாறினார், எதனை உண்ணாமல் விட்டார், எம்மாத்திரையை இருமுறை விழுங்கினார் என்று சான்று கூறுவோர் வேண்டும். அவரே உழைச்செல்வான். நம் இல்லங்களில் அப்பணியைச் செய்பவர் பெரும்பாலும் மகளோ மருமகளோதான். மருத்துவர் எதிரில் அமர்ந்து பேசுபவரோ மகன்! அன்று நம்மிடம் விடை இல்லாமற் போனதன் காரணமும் அதுவே.

அதன்பின் மருத்துவமனைக்குச் செல்லும்போதெல்லாம் தமக்கையாரையே அத்தாவின் அருகில் அமரச் செய்தோம். வீட்டில் இருந்த மாத்திரை, தைலம், இலேகியம், கடையில் வாங்கியவை யாவற்றையும் ஒரு துணிப்பையில் இட்டு அவர் கொண்டு வருவார். முதன்முறை அப்பையை மேசைமேல் கவிழ்த்தபோது பதினொரு வகை மருந்துகள் இருந்தன. மருத்துவர் ஒவ்வொன்றையும் எடுத்து, "இஃது எதற்கு?" என்று வினவினார். நான்கிற்கு எவராலும் விடை கூற இயலவில்லை. அவற்றுள் இரண்டை அன்றே நிறுத்தினார். ஏனைய இரண்டைத் திடீரென நிறுத்தலாகாது என்று கூறி, படிப்படியாகக் குறைக்கும் முறையைத் தமக்கையாரிடம் எழுதிக் கொடுத்தார்.