ஒர்பிட்ரோன்: ஒரு விந்தைக் காரை மீட்டெடுத்த கதை

மொரிஸ் மைனர், ஒஸ்டின் போன்ற பழைய கார்களை எமது வீதிகளில் இன்றும் இடைக்கிடை காண்கிறோம். அவற்றில் ஒரு பாகம் பழுதடைந்தால் அதே வகைக் கார் இன்னொன்றிலிருந்து கழற்றிப் பூட்டலாம். தொழிற்சாலை ஒரே அச்சில் இலட்சக்கணக்கில் செய்திருப்பதனால் இது சாத்தியமாகிறது. ஆனால் உலகில் ஒன்றே ஒன்றாக, கையால் செய்யப்பட்ட கார் ஒன்றின் முன்பகுதியே காணாமற் போனால் என்ன செய்வது? அமெரிக்காவில் செய்யப்பட்ட 'ஒர்பிட்ரோன்' என்ற காரைப் பற்றி அறிந்தபோது எனக்கு எழுந்த முதற் கேள்வி இதுதான். பௌதிகவியல் கற்கும் மாணவி என்ற வகையில் அந்தக் காரின் விளக்குகள் என்னை ஈர்த்தன. அதைவிட, அதனை மீட்டவர்கள் எடுத்த ஒரு முடிவு என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது.

காட்சிக்கென்றே பிறந்த கார்

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் கலிபோர்னியா மாநில இளைஞர்களிடையே ஒரு பழக்கம் வேகமாகப் பரவியது. பழைய கார் ஒன்றை வாங்கி, கூரையை வெட்டித் தாழ்த்தி, புதிய நிறம் பூசித் தம் விருப்பப்படி மாற்றியமைத்தார்கள். சிலர் இதனை மிகத் தூரம் கொண்டு சென்றார்கள். மூலக் கார் எதுவென்றே அடையாளம் காண முடியாத அளவுக்கு அவர்களது வாகனங்கள் மாறின. அவை பிரயாணத்துக்காக அன்றி, கண்காட்சி மண்டபங்களுக்காகவே செய்யப்பட்டவை.

இத்துறையில் புகழ்பெற்றவர் எட் ரொத் (1932 - 2001). ஓவியராகவும் கேலிச்சித்திரக்காரராகவும் இருந்த இவர், இரும்புத் தகட்டைத் தட்டி வளைப்பதற்குப் பதிலாகக் கண்ணாடி இழையைக் கையாண்டார். முதலில் பிளாஸ்டர் கலவையால் காரின் உருவத்தைச் செதுக்குவார். அதன்மேல் கண்ணாடி இழைத் துணியை விரித்துப் பிசின் பூசுவார். பிசினுடன் சேர்த்த இரசாயனம் அதனை இறுகச் செய்யும். இறுகிய பின் உள்ளிருக்கும் பிளாஸ்டரை உடைத்து அகற்றினால் உறுதியான ஓடு மிஞ்சும். உருவம் பிறக்கும்போதே அதனைத் தாங்கிய வடிவம் அழிந்துவிடுகிறது. ஆகவே, இன்னொரு பிரதி எடுக்க வழியில்லை.

1964 ஆம் ஆண்டு அவர் செய்ததே ஒர்பிட்ரோன். நீலத்தின் பல சாயல்கள் ஒன்றிலொன்று கரைவது போன்ற நிறப்பூச்சை அதற்கு லரி வொட்சன் அமைத்தார். சாரதியின் ஆசனம் காரின் பின்கோடியில் இருந்தது. அதன் மேல், நீர்க்குமிழி போன்ற ஒளி ஊடுபுகும் பிளாஸ்டிக் கூரை. உள்ளே செயற்கை மென்மயிர் விரிப்பும் ஒரு சிறிய தொலைக்காட்சிப் பெட்டியும். முன்னால் குரோமியம் பூசிய செவர்லே வி-8 இயந்திரம். முன்பகுதி இருபுறமும் ஒத்திருக்கவில்லை. ஒரு பக்கத்தில் மட்டும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று விளக்குகள் கூட்டாக நீண்டு நின்றன.

மூன்று நிறமும் ஒரு வெள்ளையும்

வர்ணத் தொலைக்காட்சி வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்த காலம் அது. அதன் திரையில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒளிகள் மட்டுமே உள்ளன. மூன்றும் தகுந்த அளவில் சேரும்போது எமது கண் வெள்ளை என உணர்கிறது. இதே தத்துவத்தால் காரின் மூன்று விளக்குகளும் சேர்ந்து வெள்ளை ஒளியைத் தரும் என்பதே ரொத்தின் எண்ணம்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிறச்சாந்தில் சிவப்பையும் பச்சையையும் கலந்தால் மங்கிய கபில நிறம் வரும். ஒளியில் அவற்றைக் கலந்தால் மஞ்சள் வரும். சாந்து ஒளியை உறிஞ்சுகிறது. ஒவ்வொரு நிறம் சேரும்போதும் ஒளி குறைகிறது. விளக்குகளிலோ ஒளியுடன் ஒளி கூடுகிறது. மூன்று டோர்ச் விளக்குகளின் முகப்பில் மூன்று நிறச் செலோபன் தாள்களைக் கட்டி, இருட்டறையில் ஒரே சுவரில் பாய்ச்சிப் பார்த்தால் இது விளங்கும். ஒளிகள் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடம் வெண்மையாகத் தோன்றும். இடையே கையை நீட்டினால் நிழல்களோ பல நிறங்களில் விழும். ஒரு நிற வடிகட்டி ஏனைய நிறங்களைத் தடுத்துவிடுவதால் பெரும்பகுதி ஒளி வீணாகிறது. இரவில் வீதியில் ஓட்டுவதற்கு இது சிறந்த வழியன்று. ஆனாலும், ஒரு பௌதிகப் பாடத்தைக் காரின் முகத்தில் பொருத்திய கற்பனையை நான் வியக்கிறேன்.

வீழ்ச்சி

ஒர்பிட்ரோன் மக்களைக் கவரவில்லை. இயந்திரத்தை மூடி மறைத்ததே தவறு என்று ரொத் பிற்காலத்தில் கருதினார். பளபளக்கும் இயந்திரத்தைப் பார்க்க வந்தவர்களுக்கு அது தெரியவில்லை. 1964 இல் பீட்டில்ஸ் இசைக்குழு அமெரிக்கா வந்ததும் இளைஞர்களின் நாட்டம் கார்களிலிருந்து இசைக்கருவிகளுக்குத் திரும்பியது என்றும் அவர் சொல்வதுண்டு. கார் விற்கப்பட்டது, கைகள் மாறின, இறுதியில் எங்கே போனதென்றே தெரியாமற் போனது.

2007 ஆம் ஆண்டு மெக்சிக்கோ நாட்டின் சியுடாட் ஹுவாரெஸ் நகரில், ஒரு கடையின் முன்னால் அது கண்டுபிடிக்கப்பட்டது. குப்பை போடும் தொட்டியாக அதனைப் பாவித்து வந்திருக்கிறார்கள். மூன்று விளக்குகளைத் தாங்கிய முன்பகுதி முற்றாக இல்லை. லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் கல்பின் நிறுவனம் அதனை வாங்கி மீட்கும் பணியில் இறங்கியது.

இல்லாததை எப்படிச் செய்வது?

அச்சு இல்லாத காருக்குப் பழைய ஒளிப்படங்களே ஆவணம். படத்தில் தெரியும் ஒரு பொருளின் உண்மை அளவு தெரிந்தால் மற்றவற்றைக் கணிக்கலாம். உதாரணமாக, 60 சென்ரிமீற்றர் விட்டமுள்ள சில்லு படத்தில் 3 சென்ரிமீற்றராகத் தெரிந்தால், அதே தூரத்தில் 4 சென்ரிமீற்றராகத் தெரியும் பாகத்தின் உண்மை நீளம் 80 சென்ரிமீற்றர். கமராவுக்கு அருகில் இருப்பது பெரிதாகத் தெரியும் என்பதால் ஒரு படம் போதாது. பல கோணங்களில் எடுத்த படங்களை ஒப்பிட வேண்டும். எஞ்சியிருக்கும் உடலின் வளைவுகளும் வழிகாட்டும்.

குமிழிக் கூரைக்கு அக்ரிலிக் தகட்டை மென்மையாகும்வரை சூடேற்றி, விளிம்பை இறுகப் பிடித்துக் காற்றை ஊதுவார்கள். வெப்பம் எல்லா இடத்திலும் சமமாக இல்லாவிட்டால் குமிழி கோணலாகிவிடும். இவ்வாறு இரசாயனவியலும் கேத்திரகணிதமும் வரலாறும் ஒரு கராஜுக்குள் ஒன்றுகூடுகின்றன. "கராஜ் வேலை பிள்ளைக்கு எதற்கு?" என்று கேட்கும் பெற்றோர் இதனைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும் என விரும்புகிறேன்.

எது மூலம்?

இப்போது நான் குறிப்பிட்ட அந்த முடிவுக்கு வருகிறேன். இயந்திரத்தை மறைத்தது தவறு என்று காரைச் செய்தவரே கருதினார். அப்படியானால், மீட்பவர்கள் மூடியை அகற்றி அவரது தவறைத் திருத்தியிருக்கலாமே? அவர்கள் அப்படிச் செய்யவில்லை. மூடியும் மூன்று விளக்குகளும் தொலைக்காட்சிப் பெட்டியுமாக, 1964 இல் இருந்த கோலத்திலேயே 2008 இல் அதனை மக்கள் முன் வைத்தார்கள்.

இது சரியான முடிவு என்பதே என் கருத்து. ஏட்டுச்சுவடியைப் பதிப்பிப்பவர் ஒரு செய்யுளில் ஓசை குறைகிறது என்பதற்காகத் தானே ஒரு சொல்லைப் புனைந்து சேர்த்தால், நாம் வாசிப்பது புலவரை அல்ல, பதிப்பாசிரியரை. அவர் அழகாகவே எழுதியிருந்தாலும் அது கலப்படந்தான். காருக்கும் அவ்வாறே. திருத்தப்பட்ட ஒர்பிட்ரோன் ஒருவேளை கூடுதல் அழகாக இருந்திருக்கும். ஆனால் ரொத் என்ன நினைத்தார், எங்கே சறுக்கினார் என்பதை அது எமக்குச் சொல்லாது.

மறுபக்கமும் உண்டு. முன்பகுதி முழுவதும் புதிதாகச் செய்யப்பட்டிருக்க, அதனை ரொத்தின் கார் என்று எப்படி அழைப்பது எனச் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எது பழையது, எது புதியது என்பதை மறைக்காமல் சொல்வதே அதற்கு விடை. சொல்லிச் செய்தால் அது மீட்பு. சொல்லாமல் செய்தால் அது போலி.

ஒரு பழம்பொருள் எமது கைக்கு வருவது அமானிதமாகவே. பாட்டியின் தையல் இயந்திரமானாலும், பாட்டனாரின் கையெழுத்துக் கொப்பியானாலும் அதனைத் துப்புரவாக்கலாம், தேய்ந்த பாகத்தை மாற்றலாம். ஆனால் கைவைக்கும் முன் நாலாபுறமும் ஒளிப்படம் எடுத்து, எதை மாற்றினோம் என்று ஒரு தாளில் எழுதி அதனுடனேயே வைத்துவிடுவோம். எமக்குப் பின் அதனைக் கையில் எடுக்கும் பிள்ளைக்கு அந்தத் தாள் உதவும்.