தாத்தாவின் லென்சுக்கு மறுபிறவி!

கோவை விஞ்ஞானி ஜி.டி. நாயுடுவை அறியாதவர் உண்டா? 1936-ல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தாமே சினிமாப் படம் பிடித்தவர் அவர். காமிராவில் தூரத்தைச் சரி செய்யும் கருவி ஒன்றையும் உருவாக்கினார்.

அந்தக் காலத்தில் எல்லாம் கைவேலைதான். லென்சின் வளையத்தைத் திருப்பினால் உருவம் தெளியும். அப்படிப்பட்ட லென்ஸ் உங்கள் வீட்டுப் பெட்டியில் கிடக்கிறதா? எறிந்து விடாதீர்கள். புதிய காமிராவில் அது வேலை செய்யும்!

எப்படி?

பழைய ரிப்ளெக்ஸ் காமிராவுக்குள் முகம் பார்க்கும் கண்ணாடி போல ஒன்று உண்டு. அது அசைய இடம் வேண்டும். ஆகவே நிக்கான் காமிராவில் லென்ஸ் பொருந்தும் வாய்க்கும் பிலிமுக்கும் இடையே 46.5 மில்லி மீட்டர் தூரம்.

2008-ல் அந்தக் கண்ணாடி இல்லாத காமிரா வந்தது. இவ்வகைச் சோனி காமிராவில் தூரம் 18 மில்லி மீட்டர்தான். மீதி 28.5 மில்லி மீட்டரை 'அடாப்டர்' என்ற வளையம் நிரப்புகிறது. வேறு மாயம் இல்லை.

கவனம்!

லென்சை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை போலத் தெரிந்தால் அது பூஞ்சை. துடைத்தால் போகாது, பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

'லென்ஸ் இல்லாமலும் இயங்கு' என்ற வசதியைக் காமிராவில் திறந்து வையுங்கள். இல்லையேல் பொத்தானை அழுத்தினாலும் படம் விழாமல் போகலாம்.

பிறகு வளையத்தை மெல்லத் திருப்புங்கள். பல காமிராக்களில், தெளிந்த ஓரங்கள் திரையில் வண்ணக் கோடாக மின்னும். உடனே அழுத்துங்கள்!

ஓடும் குழந்தையைப் பிடிப்பது கடினம். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியைப் பிடிக்கலாம். அன்று தாத்தா அவரைப் பார்த்த அதே லென்ஸ் வழியாக, இன்று பேத்தி பார்க்கலாம்!