பிசுபிசுத்த கடலைமிட்டாய்

கடலைமிட்டாய் என்றாலே எங்கள் கோவில்பட்டிதான். 2020-இல் புவிசார் குறியீடும் கிடைத்தாயிற்று. வாயில் போட்டால் ‘நறுக்’கென்று உடைய வேண்டும். ஆனால் போன ஐப்பசியில், எங்கள் வீட்டுப் பின்கட்டில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து போட்ட மிட்டாய் இரண்டே நாளில் பிசுபிசுத்தது. கடைக்காரர் அத்தனையையும் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். கடைசியில் பழி, பாகு காய்ச்சும் அக்கா தலையில் விழுந்தது. “அவளுக்குக் கண்ணு சரியாத் தெரியலை, பதம் தப்புது. நிறுத்திருவோம்” என்றாள் ஒருத்தி. அந்தக் கூலியில்தான் அக்கா வீட்டு அடுப்பே எரிகிறது.

அந்தச் சமயம் கிள்ளிகுளம் விவசாயக் கல்லூரியில் படிக்கும் நாத்தனார் மகள் லீவுக்கு வந்திருந்தாள். “அத்தை, அவசரப்படாதீங்க. பதம், வெல்லம், கடலை, மழைக்காற்று... நாலு பேர் மேல சந்தேகம். எல்லாத்தையும் மாத்தி மாத்திச் சேர்த்துப் பார்த்தா பதினாறு ஈடு போடணும்!”

“அம்மாடி! முதலுக்கு எங்கே போறது?”

சிலேட்டில் அம்புக்குறிகள் போட்டாள். வெல்லம், கடலை, பதம் மூன்றும் வாணலிக்குள் போய்த்தான் மிட்டாயைக் கெடுக்க முடியும். காற்று மட்டும் வாணலியை விட்டு இறக்கிய பிறகு வருகிறது. “முதல் சோதனையை இந்தப் பிரிவிலதான் வைக்கணும், அத்தை.”

ஒரே ஈடு போட்டோம். ஆறியதும் பாதியை இறுக்கமான டின்னில் அடைத்தோம். பாதியை வழக்கம்போல் தட்டில் விட்டோம். இரண்டு நாள் கழித்து டின்னில் இருந்தது நறுக்கென்று உடைந்தது. தட்டில் இருந்தது பிசுபிசுத்தது. பதத்தில் குறையில்லை!

“புது வியாபாரியோட வெல்லம் ஈரத்தை அதிகமா இழுக்குதோ?” என்றேன். வியாபாரி மாறியதும் மழை பிடித்ததும் ஒரே வாரம். வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டையும் பிரிக்க முடியாதே! மிச்சமிருந்த பழைய வெல்லத்தில் இன்னொரு ஈடு போட்டுத் தட்டில் விட்டோம். அதுவும் பிசுபிசுத்தது. பதினாறு ஈடுக்குப் பதில் இரண்டே ஈட்டில் வழக்குத் தீர்ந்தது.

இப்படி அம்பு போட்டுக் காரணம் தேடுவதைக் கணிதமாக்கிய ஜூடியா பேர்ல் என்பவருக்கு 2011-ஆம் ஆண்டின் டியூரிங் விருது கிடைத்ததாம். நம் கரிசல்காட்டுக்கும் இது பொருந்தும். மானாவாரியில் வருஷத்துக்கு ஒரு பட்டம்தானே? தப்பான சோதனை போட்டால் ஒரு வருஷமே போச்சு! 1901 முதல் இங்கே இருக்கும் விவசாய ஆராய்ச்சி நிலையத்துக்கும் இதே மழைதான், இதே மண்தான்.

பிள்ளைக்கு உடம்பில் தடிப்பு வந்தால் பால், முட்டை, சோப்பு எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்துகிறோமே. தடிப்பு அடங்கினால் எதனால் அடங்கியது என்று டாக்டரிடம் எப்படிச் சொல்வோம்?

சரி, மிட்டாயைச் சாயங்காலம் வரை தட்டில் திறந்து போட்டது யார் என்கிறீர்களா? நான்தான்! இப்போது ஆறியவுடன் டின்னில் அடைத்துவிடுகிறேன். பாகு காய்ச்சுவது அதே அக்காதான்.